செபாஸ்தியம்மாள் அடித்த மணி

எங்கள் தெருவில் யார் செத்தாலும் மாதா கோயில் மணியை அடிப்பது செபாஸ்தியம்மாள்தான். முன்பு அவள் அப்பா அடித்தார், அவருக்குப் பிறகு இவள். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றாலும், செய்தி வந்தால் கையைக் கழுவிவிட்டு ஓடிவிடுவாள். மணியை அடித்து முடித்த பிறகுதான் அழவே ஆரம்பிப்பாள். எனக்கும் அவளுக்கும் ஒரே ஷாப்பில் வேலை. வீடும் பக்கத்துப் பக்கத்து வீடு.

அவள் புருஷன் இஞ்ஞாசிக்குப் பிறந்தபோது வைத்த பேர் முனியாண்டி. இவளைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டவர். அவர் அண்ணன் முருகேசன் இந்துவாகவே இருந்துவிட்டார். இருவருக்கும் ஒரே தாய், ஒரே சாதி. ஆனால் சர்க்கார் கணக்கில் அண்ணன் பிள்ளைகள் எஸ்.சி., தம்பி பிள்ளை பி.சி. கோயிலுக்குள் கால் வைத்ததும் தீண்டாமை கழன்று விழுந்துவிடுகிறதாம். அப்படி எழுதிவைத்த புண்ணியவான் எங்கள் தெருவில் நாலு நாள் குடியிருந்து பார்த்திருக்க வேண்டும்.

இவர்கள் மகள் அறிவுச்செல்வி நீட் எழுதினாள். வந்த மார்க் பி.சி.க்குப் பத்தவில்லை. எஸ்.சி. என்றால் தாராளமாக டாக்டர் சீட்டு கிடைத்திருக்கும். முருகேசன் மகன் விக்னேஷ்குமார் இவளைவிடக் குறைந்த மார்க்கில் அந்த வருஷமே சேர்ந்துவிட்டான். கோச்சிங்கில் கூடப் படித்த சிவபிரகாஷ் என்ற பையன், "ஒனக்கென்ன, எஸ்.சி. கோட்டா இருக்கு. நாங்கதான் நாயாப் படிக்கணும்" என்றானாம். இல்லாத கோட்டாவுக்கு ஏச்சு வாங்கிக்கொண்டு வந்து அழுதது பிள்ளை.

முருகேசன்தான் வழி சொன்னார். குடும்பத்தோடு தாய்மதம் திரும்பி, சாதிசனமும் சேர்த்துக்கொண்டால், பிள்ளைக்கு எஸ்.சி. சர்டிபிகேட் வாங்கலாம். அதற்குள் அவள் இன்னொரு தடவை நீட் எழுதட்டும். ஆனால் வாயால் மாறினேன் என்று சொன்னால் போதாது, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆர்.ஐ. நேரில் வந்து விசாரிப்பார்.

செபாஸ்தியம்மாள் மாட்டேன் என்பாள் என்றுதான் நினைத்தேன். உடனே சரி என்றுவிட்டாள்.

"சாமி கோவிச்சுக்கிட மாட்டாராடி?" என்று கேட்டேன்.

"கோவிச்சா நா பேசிக்கிறேன் அமலி. எம் புள்ள டாக்டராவட்டும்."

வீட்டிலிருந்த மாதா படத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். பொட்டு வைத்தாள். மாசித் திருவிழாவில் கோட்டை மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைப் பாட்டு கேட்கும்போது வாசலில் உட்கார்ந்து, ஏற்கெனவே துலக்கிய பாத்திரத்தையே திரும்பத் துலக்கினாள். துக்க மணி அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் அடித்தால் அவளுக்கு ஆகாது. "கல்யாணத்துக்கு அடிக்கிற மாதிரியில்ல அடிக்கிற" என்று திட்டுவாள்.

இரண்டாவது தடவையும் மார்க் அதே கதைதான். பி.சி.க்கு எட்டவில்லை, எஸ்.சி.க்குத் தாராளம். ஆர்.ஐ. வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நல்ல மனுஷன். திருப்திதான், சீக்கிரம் ரிப்போர்ட் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே, ஒரு காலையில், இஞ்ஞாசி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு அது தெரியாது. அடுப்படியில் இருந்தேன். மணிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் நடுவே விடவேண்டிய நேரம் விட்டு, நிதானமாக. அப்படி அடிக்க இந்த ஊரில் ஒரே ஒரு கைதான் உண்டு. அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

பொட்டு வைத்த நெற்றியோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விடுடி! என்ன காரியம்டி பண்ற?"

"அவுக போய்ட்டாக அமலி" என்றாள். திரும்பவும் இழுத்தாள்.

அவள் யோசித்துச் செய்யவில்லை. யோசிக்கிற நிலையிலும் இல்லை. ஆனால் மணி அடித்துவிட்டால் ஊர் கூடிவிடும், சிலுவையும் ஜெபமாலையும் வந்துவிடும், பங்குச் சாமியார் வந்துவிடுவார். அதன் பிறகு யார் நிறுத்துவது? தம்பியைத் தங்கள் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக ஆள்களோடு வந்த முருகேசன் ஒதுங்கி நின்றார். தலையாரி மூலம் ஆர்.ஐ.க்கும் தகவல் போய்விட்டது.

கல்லறைத் தோட்டத்துக்கே அவர் வந்தார். அங்கே நடுவில் ஒரு சுவர் உண்டு. மேற்கே மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்குச் சிமெண்டுக் கல்லறைகள், எங்களுக்குக் கிழக்கே வேலிக்கருவை மண்டிய மண். இஞ்ஞாசியைக் கிழக்கேதான் இறக்கினார்கள். மண் தள்ளி முடித்ததும் அறிவுச்செல்வி நேராக ஆர்.ஐ.யிடம் போனாள்.

"எங்கப்பாவ சிலுவ வச்சுப் பொதச்சத எழுதுவீங்கள்ல சார்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பாத்தத எழுதித்தானேம்மா ஆகணும்."

"இந்தச் செவுத்தையும் பாத்தீங்கள்ல? அதையும் எழுதுங்க."

"அதக் கேக்க மாட்டாங்கம்மா" என்றார்.

சர்டிபிகேட் வரவில்லை. கவுன்சலிங்கும் முடிந்துபோனது. எல்லாம் தன் கையால் வந்தது என்று செபாஸ்தியம்மாள் முடிவுகட்டிவிட்டாள். சுவரைக் கட்டியவனுக்கு இல்லாத குற்றம் உனக்கு எதற்கடி என்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்துவிட்டேன். காதில் போட்டுக்கொள்வதில்லை. அறிவுச்செல்வி இப்போது மதுரை ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறாள். போன மாதம் அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். வா, நான் டாக்டரிடம் காட்டுகிறேன் என்று மகள் கூப்பிட்டாள். அந்த டோக்கன் வாசலுக்கு நான் வரமாட்டேன் என்று செபாஸ்தியம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.