எங்கள் வீட்டில் இரண்டு பாப்பா

போன வருடம் ஐப்பசி மழை நேரம். பழங்காநத்தத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, சமயநல்லூரிலிருந்து என் தங்கை வந்தாள். கையில் ஒரு கட்டைப்பை. உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பூனைக்குட்டி. நின்றிருந்த வேனுக்கு அடியில் நனைந்துபோய்க் கத்திக்கொண்டிருந்ததாம். "எங்க மாமியாருக்குப் பூனைன்னாலே ஆகாதுக்கா. நீயே வச்சுக்க" என்று பையை என் மடியில் வைத்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். பத்து வயதைத் தாண்டிய வெள்ளைப் பூனை. குட்டியாக வந்தபோது பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தோம். கிழவியான பிறகும் அதுவே பேராக நின்றுவிட்டது. மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான். வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான் என்பதால் அவள் வைத்ததுதான் சட்டம்.

அதனால் கொஞ்சம் பயந்தேன். யூடியூபில் ஒரு வீடியோ விடாமல் பார்த்தேன். குட்டியைத் தனி ரூமில் விட்டு, மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு வைத்தோம். ஒன்று படுத்த துண்டை இன்னொன்றுக்கு விரித்தோம். சம்பந்தம் பேசுகிற வீடு மாதிரி எல்லாம் பக்குவமாக நடந்தது. கதவைத் திறந்த அன்று பாப்பா ஒரே ஒரு தடவை சீறினாள், குட்டியை மோந்து பார்த்துத் தும்மினாள், போய்விட்டாள். இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம்தான் வினை வந்தது. பாப்பா சாப்பாட்டைக் குறைத்தாள். பிறகு தட்டுப் பக்கமே வரவில்லை. பீரோ மேல் ஏறிப் படுத்துக்கொண்டு, தண்ணீருக்கு மட்டும் இறங்கினாள். நெத்திலியை அவித்து மூக்குக்கு நேராக நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பசுமலையில் ஒரு கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தப் பரிசோதனையில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால், "பூனை இப்படிப் பட்டினி கிடந்தா கல்லீரல் கெட்டுரும்மா. எப்படியாச்சும் சாப்பிட வைங்க" என்றார் டாக்டர்.

"குட்டியத் திருப்பிக் குடுத்துருவோம். இவளுக்குப் பிடிக்கல" என்றார் கணவர்.

எனக்கு என்னவோ அது பொருந்தவில்லை. பிடிக்காவிட்டால் அடிக்க வேண்டாமா? குட்டி திரைச்சீலையைத் தொற்றிப் பீரோ மேல் ஏறி அவள் வாலோடு விளையாடும்போதுகூடப் பேசாமல்தான் இருந்தாள். சரி, இவளுக்கு யார் மேல்தான் கோபம் என்று, வேலையைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அவளையே பார்க்க ஆரம்பித்தேன்.

மத்தியானம் கணவர் அடுப்படியிலிருந்து, "பாப்பா, வா வா" என்றார். பீரோ மேல் படுத்திருந்தவளின் காது திரும்பியது. எழுந்தாள். இறங்குவதற்கு முன்னங்காலையும் நீட்டினாள். அதற்குள் குட்டி ஓடிவிட்டது. "வந்துட்டியாடி பாப்பா, இம்புட்டுப் பசியா உனக்கு" என்று அவர் கொஞ்சுவது கேட்டது. நீட்டிய காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் வீட்டில் கடைசியாக வந்தது எதுவோ அதுதான் பாப்பா. நாங்கள் யோசிக்கவே இல்லை, வாய் தானாகக் குட்டியைப் பாப்பா ஆக்கிவிட்டது. பத்து வருடமாகத் தன் பேரைக் கேட்டு ஓடிவந்தவளை, "நீ இல்லடி, போ" என்று நானே காலால் ஒதுக்கியிருக்கிறேன். வாசனை, தட்டு, துண்டு எல்லாம் சொல்லிக்கொடுத்த வீடியோக்காரர்களுக்கு இந்தச் சங்கதி எப்படித் தெரியும்?

குட்டியை ரூமில் அடைத்துவிட்டுப் பீரோவுக்குக் கீழே நின்று, "பாப்பா" என்றேன். காது மட்டும் திரும்பியது. அவள் இறங்கவில்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு.

அன்றே குட்டிக்கு மிளகு என்று பேர் வைத்தோம். வாய் பழகுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. குட்டியைத் தூக்கும்போதெல்லாம் "பாப்" வரை வந்து நிற்கும். பாப்பா என்றதும் ஓடிவந்தால் குட்டிக்கு ஒன்றும் கிடையாது. "நீ மிளகு. நான் கூப்பிட்டது அவள" என்று கணவர் அதனிடம் நியாயம் பேசுவார். பேர் வைத்த மறுநாள் காலையில், கையில் நெத்திலி வாசனைகூட இல்லாமல் சும்மாதான் கூப்பிட்டேன். பாப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு இறங்கி வந்து என் காலில் முகத்தைத் தேய்த்தாள். தட்டில் வைத்த சோற்றில் பாதியைத் தின்றாள்.

சந்தோஷத்தில் உடனே அம்மாவுக்குப் போன் போட்டு முழுக் கதையையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அது சரி, பாப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்றார் அம்மா. அம்மா பாப்பா என்றது நாற்பதைத் தாண்டிய என் தங்கையை. அவள் பிறக்கும்வரை அம்மா வீட்டில் நான்தான் பாப்பா. அவளை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்த அன்று நான் அக்கா ஆகிவிட்டேன். அன்று நான் எந்த மூலையில் போய் உட்கார்ந்தேன் என்று அம்மாவுக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. ஆனாலும் அம்மா "பாப்பா" என்று சொல்லும்போதெல்லாம், என்னைத்தானோ என்று இந்த வயதிலும் ஒரு நொடி எனக்குக் காது திரும்பத்தான் செய்கிறது.