கராஜில் அம்மா போட்ட ப்ளக் பாயிண்ட்

அமெரிக்காவில், பிளசன்டனில் நாங்கள் வாங்கிய வீட்டின் கராஜில் ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட்தான் இருந்தது. அதுவும் கூரையில், கதவைத் தூக்கும் மோட்டாருக்காக. அங்கே வைத்த ஃப்ரீசருக்குச் சமையலறையிலிருந்து கதவுக்கு அடியில் ஒயர் இழுத்திருந்தோம். அது தடுக்கி நான் இரண்டாவது முறை விழுந்த அன்று, புதிதாக மூன்று ப்ளக் பாயிண்ட் போடப்போவதாக அம்மா அறிவித்தாள்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்றார் அப்பா. அவர் சாஃப்ட்வேர்காரர். பல்பு மாற்றுவதற்கே மெயினை அணைப்பவர்.

"கோயமுத்தூர்ல மோட்டார் கம்பெனில முப்பது பேரை வேலை வாங்கினவ நான். இதுக்குப் போய் ஆளா?" என்றாள் அம்மா.

நூலகத்திலிருந்து தடித்த விதிமுறைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து ஒரு வாரம் படித்தாள். நகராட்சியில் அப்பா பெயரில் பர்மிட் வாங்கினார்கள். பிறகு அம்மா சல்வாரின் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கராஜின் மரச்சட்டங்களில் துளை போட்டு, பிரேக்கர் பெட்டியிலிருந்து ஒயரை இழுத்தாள். வேலை முழுக்கப் பாட்டு முணுமுணுத்தாள். அவள் பாடுவாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

வேலையைச் சோதிக்க நகராட்சியிலிருந்து இன்ஸ்பெக்டர் வரும் நாளில் அப்பா லீவு போட்டார். யார் கேட்டாலும் அப்பா செய்தது என்றே சொல்ல வேண்டும் என்று எனக்குக் கட்டளை. அம்மாவின் விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. சொந்த வீட்டில் ஒயர் இழுப்பதும் அதில் சேருமோ என்று அப்பாவுக்குப் பயம்.

இன்ஸ்பெக்டர் ஆறடி உயரம், வெள்ளை மீசை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மரச்சட்டத்தின் மேல் ஏன் இந்த இரும்புத் தகடு என்று அப்பாவைக் கேட்டார். அப்பா தகட்டையே உற்றுப் பார்த்தார்.

"பின்னாடி யாராவது ஆணி அடிச்சா ஒயர்ல இறங்கக் கூடாதுல்ல, அதுக்கு," என்று பின்னாலிருந்து அம்மா தமிழில் முணுமுணுத்தாள். அப்பா அதை ஆங்கிலத்தில் ஒப்பித்தார். அடுத்த கேள்விக்கும் அப்படியே. மூன்றாவது கேள்வியில் எனக்குப் பொறுக்கவில்லை.

"மை மாம் டிட் இட்!" என்று கத்தினேன்.

அப்பாவின் முகம் வெளுத்தது. இன்ஸ்பெக்டர் ஒரு கணம் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி நின்று, மீதிக் கேள்விகளை அவளிடமே கேட்டார். அம்மா தன் கோயமுத்தூர் ஆங்கிலத்தில், ஒன்றுக்குக்கூடத் தயங்காமல் பதில் சொன்னாள். பர்மிட் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர், எங்கள் ஆபீஸில் ஆள் எடுக்கிறார்கள், விண்ணப்பம் போடுங்கள் என்று சொல்லி அவளிடம் கை குலுக்கினார்.

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும், "எப்பம்மா வேலைக்குப் போவ?" என்றேன்.

"பேப்பர் வரட்டும் கண்ணு," என்றாள்.

எனக்கு ஏழு வயது. எனக்குத் தெரிந்த பேப்பர் ஒன்றுதான். மறுநாளிலிருந்து காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து ஓடினேன். டிரைவ்வேயில் விழுந்து கிடக்கும் செய்தித்தாளை எடுத்துவந்து, "பேப்பர் வந்துடுச்சும்மா!" என்று அம்மாவின் மடியில் போட்டேன். கோடை விடுமுறை முடியும்வரை தினமும் போட்டேன். அம்மா ஒருநாள்கூடச் சிரிக்கவில்லை, திருத்தவுமில்லை. ரப்பர் பேண்டைக் கழற்றி, பேப்பரை விரித்து, முதல் பக்கத்திலிருந்து மெதுவாகப் படிக்க ஆரம்பிப்பாள்.