பெயர் சொல்லாதவரின் நினைவு நாள்

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மதுரை மாட்டுத்தாவணியில் இராமநாதபுரம் பேருந்தில் ஏறினேன். கட்டணம் தொண்ணூற்றைந்து ரூபாய். பையில் ஒரு மாற்றுச் சட்டையும், ஒரு வரிகூட எழுதாத நோட்டும் இருந்தன. மறுநாள் பெரியபட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் குடியிருப்பில் நான் பேச வேண்டும். என்ன பேசுவது என்று தெரியாமலேயே ஒப்புக்கொண்டிருந்தேன்.

முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் சோணைமுத்து இறந்து ஓராண்டு ஆகிறது. என் அய்யா வேலுச்சாமி பதினோரு ஆண்டுகள் அவருக்கு ஜீப் ஓட்டியவர். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அய்யா ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அதன்பின் வேலைக்குப் போகவே இல்லை. வீட்டில் யாராவது சோணைமுத்துவின் பெயரை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஆறு ஆண்டுகளுக்கு முன் இறக்கும்வரை காரணம் சொல்லவில்லை. அந்த மௌனத்தை வைத்து, சோணைமுத்து மோசமான ஆளாகத்தான் இருந்திருப்பார் என்று நானாக முடிவு செய்திருந்தேன். போன வாரம் அந்தக் குடியிருப்பிலிருந்து அழைப்பு வந்தது. "உங்க அய்யா இருந்தா அவரத்தான் கூப்பிட்டிருப்போம். நீங்களாவது வந்து ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார்கள்.

ஒன்பதரை மணிக்கு இராமநாதபுரம். பழைய பேருந்து நிலையம் அருகே ஒரு மாடி அறையில் சோணைமுத்துவின் பழைய கட்சிக்காரர் இராமசாமி நினைவு நாள் பேனரை விரித்து வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் தலைவர் சிரித்தார். இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்தன.

"அவருக்கு ஒரு கண்ணு இல்லைன்னு சொல்வாங்களே?" என்றேன்.

"ஆமா, இடது கண்ணு. போட்டோக் கடையில சரி பண்ணிட்டாங்க. நல்லாருக்குல்ல?"

கண் போன கதையை அவர் சொன்னார். ஒரு பேருந்தில் இருக்கைக்காகத் தொடங்கிய அடிதடி, இரண்டே நாளில், நாங்கள் அதற்கு முன்பே விட்டு வந்திருந்த எங்கள் உள்நாட்டுக் கிராமத்துக்கும் அந்தக் கடற்கரைக் குடியிருப்புக்கும் சண்டையாக வளர்ந்தது. எங்கள் ஊரிலிருந்து இரண்டு லாரிகளில் ஆட்கள் கிளம்பினார்கள். அத்தனை பேரும் சோணைமுத்துவுக்கு ஓட்டுப் போட்டவர்கள், பாதிப் பேர் உறவினர்கள். அவர் முந்திக்கொண்டு போய் ஜீப்பைக் குறுக்கே நிறுத்தச் சொல்லி, தார்ச்சாலையில் படுத்துக்கொண்டார். "என் மேல ஏத்திட்டுப் போங்கடான்னாரு. எதிர்க்கட்சிக்காரன் எவனோ கல்ல விட்டான். ரத்தத்தப் பாத்ததும் கூட்டம் கலைஞ்சு போச்சு."

"எங்க அய்யா ஏன் வேலையை விட்டாரு?"

இராமசாமி பேனரைச் சுருட்டினார். "அது எனக்குத் தெரியாது தம்பி. சின்னம்மாவக் கேளுங்க."

சின்னம்மா என்று அவர் சொன்னது சோணைமுத்துவின் மனைவி இராக்காயியை. மகளுடன் இராமேஸ்வரத்தில் இருக்கிறார். பதினொன்றே காலுக்குப் பேருந்து. ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஐம்பது ரூபாய். மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் ஏறியதும் பேருந்தே ஜன்னல் பக்கம் சாய்ந்தது. அருகிலிருந்த திருப்பூர்க்காரர் கைபேசியை நீட்டி, "இதுல எது வடக்குக் கடல், எது தெற்குக் கடல்?" என்று கேட்டார். இந்த மாவட்டத்தில் பிறந்தவன் நான். சட்டென்று சொல்ல வரவில்லை.

தீர்த்தமாடி ஈரத்துணியோடு நடக்கும் கூட்டத்துக்குள் வழி கேட்டு, மூன்று மணிக்கு அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். இராக்காயி அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. யார் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேலுச்சாமி மகனா? உக்காருப்பா. காப்பி குடிக்கிறியா?"

இராமசாமி சொன்ன கதையைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"படுக்கவெல்லாம் இல்லப்பா. அவருக்கு முட்டி வலி, படுத்தா எந்திரிக்க ஏலாது. ஜீப்ப விட்டு எறங்கி கையக் கும்பிட்டுக்கிட்டு நின்னாரு. கை நடுங்குச்சாம். அவரே சொன்னாரு, பயந்து போய்த்தான் நின்னேன்னு."

"கல்லெறிஞ்சது எதிர்க்கட்சிக்காரங்கன்னு..."

அவர் கையை விட்டார். "உனக்குத் தெரியாதா? உங்க சித்தப்பன் பாண்டிதான்பா."

பாண்டி சித்தப்பா எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். திருமணம் செய்துகொள்ளாதவர். என் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்து வளர்த்தவர். அன்று காலை எனக்காக ஆட்டோ பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

"கட்டுப் போட்ட கண்ணோட ஆஸ்பத்திரியில கெடக்காரு. போலீசு வந்து யாரு எறிஞ்சான்னு கேட்டுச்சு. வெயிலு மூஞ்சில அடிச்சுச்சு, ஒண்ணும் தெரியலன்னுட்டாரு. உங்க அய்யா பக்கத்துல நிக்காரு. போலீசு போனதும், 'அண்ணே, பேரச் சொல்லுங்க. அவன் கூடப்பொறந்தவன் நான் சொல்றேன், சொல்லுங்க'ன்னாரு. இவரு மாட்டேன்னாரு. 'ஒருத்தன் உள்ள போனா மறுபடி ரெண்டு லாரி கெளம்பும் வேலு'ன்னாரு. உங்க அய்யா ஜீப் சாவியக் கட்டில்ல வச்சுட்டுப் போனவருதான்."

"கோவத்துலயா?"

"கோவமோ, வெக்கமோ. இன்ன வரைக்கும் எனக்கு வெளங்கல. அதுக்கப்புறம் இவரு வேற டிரைவரே வைக்கல. ஜீப்ப வித்துட்டு பஸ்ஸுலதான் போனாரு. அடுத்த எலெக்சன்ல நம்ம சனமே தோக்கடிச்சுச்சு."

இரவு தங்கும் அறைக்கு எழுநூறு ரூபாய். தூக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள்.

ஞாயிறு காலை ஆறு மணி. அக்னி தீர்த்தக் கரையில், முங்கி எழுபவர்களுக்கு நடுவே நின்று சித்தப்பாவை அழைத்தேன். எதுவும் சுற்றி வளைக்காமல் கேட்டேன். எதிர்முனையில் குக்கரை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"எல்லாரும்தான் எறிஞ்சோம். யாரு கல்லு பட்டுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எறிஞ்ச கையோட நின்னப்ப அவரு என்னயப் பாத்தாரு. அது மட்டும் தெரியும்."

"வேற எதுவும் செஞ்சீங்களா?"

"அதுக்கு முந்துன ராத்திரி கரையில ஒரு மீன்புடி வல்லம் கெடந்துச்சு. மண்ணெண்ணெ ஊத்துனது நாந்தான்." பிறகு அவரே, "அங்கன நீ என்ன பேசப்போறே?" என்றார்.

"தெரியல சித்தப்பா."

"உங்க அய்யாவும் பேசாம செத்தாரு, அவரும் பேசாம செத்தாரு. நீ ஒனக்குப் பட்டதச் செய்யி" என்று வைத்துவிட்டார்.

ஏழு மணிக்கு உச்சிப்புளி வரை பேருந்து, நாற்பது ரூபாய். அங்கிருந்து குடியிருப்புக்கு ஆட்டோ முந்நூறு. ஓட்டுநர் நினைவு நாள் என்றதும் ஐம்பதைக் குறைத்துக்கொண்டார். "எங்க உம்மா அந்த வருசம் நெற மாசம். அவரு நிக்கலன்னா நான் ஏது?" என்றார் சாதாரணமாக. அந்த லாரியில் வந்தவர் வளர்த்த பிள்ளைகள் என் பிள்ளைகள்.

ஒன்பது மணி. பந்தலில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் செய்யது காக்காதான் என்னை அழைத்தவர். 'காக்கா' என்றால் அந்தப் பக்கத்தில் அண்ணன். எரிந்த வல்லம் அவருடையது. அதை நான் கேட்காமலேயே சொன்னார்.

"முப்பது வீடு தப்பிச்சுச்சு தம்பி, அவராலதான். நன்றி இல்லாம பேசல. ஜீப்ப வித்து எனக்குப் புது வல்லம் எடுத்துக் குடுத்தாரு. நான் வேணாம்னேன். பச்சப் புள்ளைக பசியோட கெடந்துச்சு, வாங்கிக்கிட்டேன். ஆனா வல்லமா கேட்டேன்? யாரு தீ வச்சான்னு ஒரு பேருதான் கேட்டேன். 'மன்னிச்சுருங்க செய்யது'ன்னாரு. அவரு கண்ணுக்கு அவரு மன்னிக்கலாம். என் வல்லத்துக்கு அவரு எப்படி மன்னிக்க ஏலும்?"

"அப்புறம் ஏன் காக்கா நீங்களே விழா எடுக்குறீங்க?"

"அவரு நல்ல மனுசரு" என்றார் எரிச்சலோடு, நான் மறுத்துப் பேசியதைப்போல.

பத்தரைக்குக் கூட்டம் தொடங்கியது. இராமசாமி சாலையில் படுத்த கதையைச் சொன்னார்; கைதட்டினார்கள். அடுத்து என்னை அழைத்தார்கள். மைக் முன் நின்றபோதும் எனக்கு ஒன்றும் தெளிந்திருக்கவில்லை. நான் சொன்னால், ஒரு மனிதர் ஆயுள் முழுக்கக் காத்ததை அவருடைய நினைவு நாளிலேயே உடைக்கிறேன். சொல்லாவிட்டால், முன்வரிசையில் இருக்கும் செய்யது காக்காவை இன்னொரு முறை ஏமாற்றுகிறேன். அய்யா இருந்திருந்தால் எதைச் செய்திருப்பார் என்றும் தெரியவில்லை.

"அவர் படுக்கவில்லை" என்று தொடங்கினேன். "கை நடுங்க, கும்பிட்டுக்கொண்டு நின்றார். பயந்தவர் நின்றது எனக்குப் பெரிதாகப்படுகிறது. கல்லெறிந்தவனைப் பார்த்தார், பெயரைச் சொல்லவில்லை. அது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஆள் பெயர் பாண்டி. என் சித்தப்பா. கரையில் இருந்த வல்லத்தைக் கொளுத்தியதும் அவர்தான்."

பந்தலில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. பின்வரிசையில் யாரோ எழுந்தார்கள். யாரோ அவரை உட்கார வைத்தார்கள். அதோடு இறங்கிவிட்டேன். யாரும் கைதட்டவில்லை. இராமசாமி என்னைப் பார்க்காமல் பேனரின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் செய்யது காக்கா என் எதிரே வந்து நின்றார். என் இலையில் சோறு வைக்கச் சொன்னார். பிறகு கேட்டார்:

"உங்க சித்தப்பாவுக்கு இப்ப என்ன வயசு?"

"அறுபத்தி மூணு."

"கூட்டிட்டு வாங்க."

"எதுக்கு காக்கா?"

யோசித்தார். கோபமா, வேறு ஏதாவதா, அந்த முகத்தில் என்னால் படிக்க முடியவில்லை. "எதுக்குன்னு எனக்கும் தெரியல. கூட்டிட்டு வாங்க" என்று அடுத்த பந்திக்குப் போய்விட்டார்.

மாலை நான்கு மணிக்கு இராமநாதபுரத்திலிருந்து மதுரைப் பேருந்து. இந்தக் கரையில் ஒரு மனிதரைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்து, தெரிந்திருந்தவர்களையும் தொலைத்துவிட்டுத் திரும்புவதாகத் தோன்றியது. சோணைமுத்து காப்பாற்றியது முப்பது வீடுகளையா, என் சித்தப்பாவையா, என்னையுமா? எதற்கு அவருக்கு நன்றி சொல்வது, எதற்குக் கோபப்படுவது? எங்கள் மதுரை வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதாக நேற்றுவரை நம்பியிருந்தேன்.

பரமக்குடி தாண்டியதும் சித்தப்பாவை அழைத்து, நான் பேசியதையும் செய்யது காக்கா சொன்னதையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை.

"அங்கன போக முதல் பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.