முதலில் நல்ல கால்

"முதல்ல நல்ல காலைக் காட்டுங்க" என்பார் டாக்டரம்மா. வலிக்கிற முட்டியைத் தாங்கிக்கொண்டு வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். "நல்லது எப்படின்னு தெரிஞ்சாத்தானே கெட்டது எவ்வளவுன்னு தெரியும்?" ஒரு கை தொடையைப் பிடித்திருக்க, மறு கை கெண்டைக்காலை முன்னால் இழுக்கும். கயிறு போட்டுக் கட்டியதுபோல் சட்டென்று நின்றால் உள்ளே ஜவ்வு நலம். வழுகிக்கொண்டே வந்தால் அறுந்திருக்கிறது. ஸ்கேன் எல்லாம் அதற்கப்புறம்தான். பயத்தில் தொடையை இறுக்கிக்கொள்பவர்களிடம், "காலைல வீட்டுல என்ன சண்டை?" என்பார். பதில் சொல்ல வாயெடுத்ததும் தொடை தளர்ந்துவிடும்.

பள்ளி வாலிபால் அணியில் பந்தை எழுப்பிக் கொடுத்தவர் அவர். எம்பி அடித்தவள் அவருடைய தோழி நெட்டை. ஒரு மாலை எகிறி இறங்கியபோது அவர் முட்டிக்குள் 'டப்'பென்று ஒரு சத்தம். சுளுக்கு என்று நீவிக் கட்டினார்கள். வீக்கம் வடிந்தது. ஆனால் ஓடித் திரும்பினால் முட்டி விலகிக் கீழே தள்ளியது. பயந்து சாகிறாள் என்றார்கள். நெட்டை மட்டும், "அவ பொய் சொல்ல மாட்டா சார், உள்ள என்னமோ அறுந்திருக்கு" என்று பயிற்சியாளரிடம் மல்லுக்கு நின்றாள். யார் கேட்டார்கள்? ஆட்டம் அதோடு போயிற்று. இந்தப் படிப்பைத் தேடிப் போனதற்கு டாக்டரம்மா வேறு காரணம் சொல்வதில்லை.

போன மழைக்காலத்தில் நெட்டையே வந்தாள். தலை நரைத்திருந்தது. பேருந்திலிருந்து இறங்கும்போது கால் திருகிக்கொண்டதாம். கட்டிலில் படுத்தவளின் தொடை கல்லாக இறுகியிருந்தது.

"கடைசி ஆட்டத்துல அந்தப் பந்தை ஏன்டி கோட்டை விட்ட?"

"நான் விட்டேனா? நீ தூக்கிப் போட்ட லட்சணம் அப்படி!"

தொடை தளர்ந்தது. கால் வழுகி முன்னால் வந்தது. டாக்டரம்மா பிடித்த கையை உடனே எடுக்கவில்லை.

"அறுந்துதான்டி இருக்கு."

"ஆபரேஷனா?"

"ஸ்கேன் பாத்துட்டுச் சொல்றேன். நம்ம வயசுல பயிற்சியிலயே நிறைய பேருக்குத் தேறிடும். இனிமே நீ எம்பிக் குதிக்கப் போறியா என்ன?"

"யாராவது பந்து போட்டா குதிப்பேன்" என்றாள் நெட்டை.

ஸ்கேனும் அதையே சொன்னது. கத்தி வேண்டாம் என்று முடிவாயிற்று. வீக்கம் வடிந்து, நடை திரும்பிய பிறகு, பயிற்சி அறைக்கு டாக்டரம்மா தாமே வந்து எதிரே நின்றார்.

"முட்டியை மடக்கு. இடுப்பைத் தாழ்த்து. நான் செய்யறதைப் பாரு."

நெட்டை மடங்கினாள், நடுங்கினாள், நிலைத்தாள். முட்டி விலகவில்லை. அப்படியே இருவரும் பாதி உட்கார்ந்த நிலையில் நின்றார்கள். யாரும் சொல்லாமலே நான்கு கைகளும் முன்னால் நீண்டு, இரண்டிரண்டாகக் கோத்துக்கொண்டு, பந்துக்காகக் காத்திருந்தன.