பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரே முகவரி

மழையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்தின் சுவரெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. புதிய வீடு கேட்டு ஒன்லைனில் விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள்.

பக்கத்துக் காம்பரா வீட்டுச் செல்லம்மா அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நேற்று முதலில் அவருடையதை என் போனில் நிரப்பி அனுப்பினேன்.

இன்று காலை எங்களுடையதைப் போட்டேன். "இந்த முகவரியில் ஏற்கெனவே ஒருவர் விண்ணப்பித்துள்ளார்" என்று வந்தது.

தோட்டத்தின் பெயர்தான் லயத்தில் எல்லோருக்கும் முகவரி. கடிதம்கூடத் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும்.

பஸ் பிடித்துப் பதுளையில் உள்ள வீடமைப்பு அலுவலகத்துக்குப் போனேன்.

"அப்ப எல்லாரும் ஒரே வீட்டிலயா இருக்கீங்க?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க சேர், ஒரே கூரைக்குக் கீழ பன்னெண்டு வீடு."

"சிஸ்டத்துல அப்படி ஒண்ணு இல்லையே தம்பி."

போன் வரைபடத்தில், தோட்டத்தை நடத்திய துரையின் பழைய பங்களா இருக்கிறது. இப்போது அது ஹோட்டல். அதன் நீச்சல் குளம்கூடத் தெரிகிறது. எங்கள் லயம் இருக்கும் இடம் வெறும் பச்சை.

திரும்பி வந்தால், தங்களுக்கும் அதே பதில் வந்ததென்று வாசலில் எல்லோரும் நிற்கிறார்கள்.

"ஒன் கெட்டிக்காரத்தனத்தால எல்லார் வழியையும் அடைச்சிட்டியேடா!" என்றார் ராசு மாமா.

தன்னுடையதும் போய்விட்டதென்று நினைத்தாரோ என்னவோ, செல்லம்மா அக்கா என்னைப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அக்காவின் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்களாம்.

லயத்தில் யாராவது இதைப் படித்தால் அவரிடம் சொல்லிவிடுங்கள். நான் தட்டினால் கதவு திறக்காது.