ஏரிக்குள் வீடு, இத்தாவில் அம்மா

இந்த ஊரில் பறவைகளுக்கு முன்னால் மனிதர்கள் குசுகுசுவென்றுதான் பேசுகிறார்கள். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் பலகையால் ஒரு குடில் கட்டி, அதற்கு மறைவிடம் என்ற பொருளில் 'ஹைட்' என்று பெயர் வைத்து, உள்ளே பெஞ்ச் போட்டு, கண் உயரத்துக்கு நீளமாக ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள். டிக்கெட் வாங்கி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக வந்து, தேங்கிய தண்ணீரைப் பார்த்துப் பரவசப்படுகிறார்கள். தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர்ப் பக்கம் வளர்ந்த எனக்கு முதல் தடவை சிரிப்புதான் வந்தது. எங்கள் தெருவில் இதெல்லாம் வாசலுக்கே வரும், யாரும் டிக்கெட் கேட்டதில்லை. ஆனால் போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தபோது நான் சிரிக்கும் நிலைமையில் இல்லை.

இங்கிலாந்தில் நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். அன்று எங்கள் இல்லத்துப் பெரியவர்களைப் பறவை காட்ட அழைத்து வந்திருந்தோம். மார்கரெட் என்ற கிழவியின் சக்கர நாற்காலியைத் தள்ளுவது என் பொறுப்பு. வேலை நேரத்தில் போனைத் தொடக்கூடாது என்பது சட்டம். தொடாமல் எப்படி இருப்பது? ஊரில் விடிகாலையிலிருந்து எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே அம்மா மட்டும் இருந்தாள். அவள் இத்தாவில் இருந்தாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களில் கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். மணமுடிக்கக்கூடிய அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டாள். அதுதான் இத்தா. அத்தா இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். மதியம் சாப்பிட வந்தவர், கை கழுவப் போன இடத்திலேயே சரிந்துவிட்டார். நான் அவர் மய்யத்துக்குப் போகவில்லை. விசா நீட்டிப்புக்கு மனுப் போட்டிருந்தேன். முடிவு வருமுன் நாட்டைவிட்டு வெளியேறினால் மனு தானாகவே செத்துப்போகும், அதோடு வேலையும். வீடியோவில் என் தகப்பனைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி வைத்திருந்ததைப் பார்த்தேன். தூக்கும்போது சிக்னல் போய்விட்டது. நான் ஒரே பிள்ளை.

அத்தா அந்த மனையை வாங்கியபோது அது ஏரி என்று யாரும் சொல்லவில்லை. வெயில் காலத்தில் காட்டினார்கள். கல் நட்டு, நகர் என்று பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள். முதல் மழையில் ஏரி தன் இடத்தைத் தேடிக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் நாங்களும் பழகிப்போனோம். மேகம் கறுத்தால் ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றுவோம், அத்தா ஸ்கூட்டரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு நடந்து வருவார். பாதித் தெருவே மேம்பாலத்தில் நிற்கும். தண்ணீர் வடிந்ததும் அதே வண்டியில் அதே வீட்டுக்கு வருவோம். வேறு எங்கே போவது?

ஹைட்டுக்குள் மார்கரெட் என் முகத்தைப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டாள். மழை பெய்திருக்கிறது, என் அம்மாவின் வீடு ஏரிக்குள் இருக்கிறது என்றேன். என் ஆங்கிலத்தில் ஏதோ குறை இருந்திருக்க வேண்டும். ஏரியோடு ஒட்டின வீடு அமைவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், தன் கணவருக்கும் கடைசிவரை அந்த ஆசை இருந்தது என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அப்படி ஒரு ஏரியை மனதில் வைத்திருக்கிறவளிடம் எங்கள் ஏரியை எப்படி விளக்குவது?

அதற்கு முன்பே வேனில் வரும்போது கழிவறைக்கென்று இறங்கி, பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டிருந்தேன். உயிருக்கு ஆபத்தென்றால் இத்தாவிலும் வெளியே வரலாம், குற்றமே இல்லை, நானே அம்மாவிடம் சொல்கிறேன் என்றார். சொல்லவும் செய்தார். சரிங்க ஹஜ்ரத் என்று பணிவாகக் கேட்டுக்கொண்ட அம்மா, சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மாடிப்படி வெளியில் இருக்கிறது. மாடிக்குப் போனால் தெருவே பார்க்கும் என்று அதற்கும் மாட்டேன் என்றுவிட்டாள்.

எல்லோரும் ஏதோ வாத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. எடுத்தேன். படகு வந்திருந்தது. கோவளத்திலிருந்து மீன்பிடிப் படகைக் கொண்டுவந்திருந்த ஒருவர் ஜன்னலுக்கு வெளியே நிற்பது, அம்மாவின் தோளுக்குப் பின்னால் தெரிந்தது. மேடையின் விளிம்பைத் தண்ணீர் தொட்டிருந்தது. அங்கே பொழுது சாயத் தொடங்கிவிட்டது. இருட்டினால் படகு வராது.

"ஹஜ்ரத்தே சொல்லிட்டாரேம்மா, எறங்கேன்" என்றேன், குசுகுசுவென்று.

அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. "மார்க்கத்துக்காகன்னா நான் அப்பவே எறங்கியிருப்பேன். உங்க அத்தா மய்யத்தப் பாக்க உனக்குக் குடுத்து வைக்கல. என்னைக்காவது நீ வந்தா, அவரு இருந்த எடம்னு பாக்க ஒரு வீடு வேணாமா? நானும் போயிட்டா இத யாரு பாத்துக்குவா?"

இத்தனை நாளாக அவள் எனக்காகவும் சேர்த்து அந்த வீட்டைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"நீ இல்லாத வீட்டுக்கு நான் எதுக்கும்மா வரணும்?"

தண்ணீரில் இருந்த அத்தனை பறவைகளும் ஒரே நேரத்தில் எழுந்தன. குடிலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். எங்கள் மேற்பார்வையாளர் வாயில் விரல் வைத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தாள். வரட்டும் என்று நின்றேன். வேலை போனாலும் போகட்டும் என்று அந்த நிமிஷம் தோன்றியது. மார்கரெட் சக்கர நாற்காலியிலிருந்தபடியே கையை நீட்டி அவளைத் தடுத்தாள்.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து படகுக்காரர் குரல் கேட்டது. "யம்மா, நான் அந்தாண்ட திரும்பிக்கிறேன். நீ நல்லா போத்திக்கினு ஏறு. உன் மூஞ்சிய நான் பாக்கல, போதுமா? சீக்கிரம் வா, தண்ணி ஏறிகினே கீது."

அம்மா பரணில் கிடந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். அதற்கப்புறம் படம் கலங்கியது, கூரை, வானம், தண்ணீர் என்று சுற்றியது. பிஸ்மி சொல்லும் சத்தம் கேட்டது. படம் நின்றபோது அம்மா படகில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் எங்கள் வீடு, ஜன்னல்வரை நீரில் நின்றது. நான் அல்ஹம்துலில்லாஹ் என்று பலகைச் சுவரில் தலையைச் சாய்த்தேன்.

"இவரு கேக்குறாரு" என்றாள் அம்மா, விரிப்புக்குள்ளிருந்து. "எங்க கொண்டுபோய் விடணும்னு. நீயே சொல்லு."

இறங்கு இறங்கு என்று காலையிலிருந்து உயிரை விட்டேனே, இதை நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. மாமா துபாயில். பொழிச்சலூர் சித்தி மவுத்தாகிப் போய்ச்சேர்ந்துவிட்டாள். பள்ளிக்கூட முகாமில் ஆணும் பெண்ணுமாக ஊரே படுத்துக் கிடக்கும். போனை அம்மா படகுக்காரரிடம் நீட்டியிருந்தாள். அவர் முகம் திரையில் வந்தது, மழை வழிய.

"அட்ரஸ் சொல்லும்மா. வூடு எங்க?"

யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். நான் இங்கே வாடகைக்கு ஒரு அறையில் இருக்கிறேனே, அந்தத் தெருவின் பெயரை.

"வில்லோ லேனா?" என்றார் அவர், துடுப்பை நிறுத்திவிட்டு. "அது எங்கம்மா கீது, பம்மல் பக்கமா?"