ஏழு பல் வைத்த தீர்த்தப் போத்தல்

அப்போதிக்கரி அருளப்பர் தன் ஊரான நாரந்தனையில் காலமாகிவிட்டார் என்ற செய்தி போன வெள்ளிக்கிழமை மதிய லோஞ்சுப் படகில், அரிசி மூட்டைகளோடும் ஒரு சைக்கிளோடும் நயினாதீவுக்கு வந்து சேர்ந்தது. கடல் மூச்சுவிடாமல் கிடந்தது. எதிர்த்தீவின் பனைகள் வெயிலில் வேரில்லாமல் தண்ணீருக்கு மேலே நின்றன. வீட்டுக்கு வந்து என் மனைவி பூமணியிடம் சொன்னேன். "இனி ஆர் என்ரை போத்திலைப் பாக்கிறது?" என்றாள்.

எங்கள் தீவின் அரசாங்க மருந்துச்சாலையில் அவர் இருந்த காலத்தில், மருந்துக்குப் போகிறவர்கள் போத்தலும் கொண்டுபோவோம். கலவையை ஊற்றி, போத்தலின் பக்கத்தில் ஒரு காகிதக் கீற்றை ஒட்டித் தருவார். கீற்றின் ஓரம் பல் பல்லாக வெட்டியிருக்கும். வேளைக்கு ஒரு பல் அளவு மருந்து. மற்ற ஆண்கள் தங்கள் மீசைக்குக் காட்டும் கவனத்தை அவர் அந்தக் கீற்றுக்குக் காட்டினார்.

பூமணிக்குக் கசநோய் என்று யாழ்ப்பாணத்தில் நெஞ்சைப் படம் பிடித்துச் சொன்னார்கள். ஒன்றரை வருடம் குளிசை விழுங்க வேண்டும். மூன்றாம் மாதம் இருமல் நின்றது. அம்மன் காப்பாற்றிவிட்டாள் என்று அவள் குளிசையை நிறுத்திவிட்டு, கோயில் தீர்த்தமும் நாட்டு வைத்தியரான பரியாரியாரின் கசாயக் குடிநீருமாக இருந்தாள். ஐந்தாம் மாதம் இருமலில் இரத்தம் வந்தது. நான் படித்த வாத்தியார் ஆகையால், எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன்: மூடநம்பிக்கை பற்றி அவளுக்கு ஒரு பிரசங்கம் வைத்தேன். அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

அருளப்பர் வந்து கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்கு முன்னால் இருந்தார். "நம்புறது பிறகு, தங்கச்சி. முதல் என்னென்ன குடிக்கிறீர் எண்டு சொல்லும்."

எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நேரே பரியாரியார் வீட்டுக்குப் போய், குடிநீரில் சேர்பவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஆடாதோடைக்கும் திப்பிலிக்கும் தலையாட்டினார். உலோகம் சேர்ந்த செந்தூரத்தை மட்டும் குளிசை முடியும்வரை நிறுத்தச் சொன்னார். பரியாரியார் கொஞ்சம் முறைத்துவிட்டு, "அப்ப உம்மடை குளிசையாலை ஏறுற சூட்டுக்கு நான் சொல்லுற பத்தியத்தை நீர் மறிக்கக் கூடாது" என்றார். ஒப்பந்தமாயிற்று.

தீர்த்தம் மிச்சமிருந்தது. "குளிசையைத் தண்ணியோடை விழுங்கச் சொல்லித்தான் புத்தகத்திலை கிடக்கு. என்ன தண்ணி எண்டு இல்லை" என்று சொல்லி, கழுத்தில் சிலுவைச் சங்கிலி ஆட, தீர்த்தப் போத்தலில் ஏழு பல் வைத்த கீற்றொன்றை ஒட்டினார். நாளுக்கு ஒரு பல், அதோடு அன்றைய குளிசை. வெள்ளி தோறும் பூமணி கோயிலில் போத்தலை நிரப்புவாள். அதற்கு முன், ஊருக்குப் போக லோஞ்சுக்கு இறங்கும் வழியில், அவர் எங்கள் வாசலில் அதை வெயிலுக்குப் பிடித்துப் பார்ப்பார். காலியென்றால் குளிசை உள்ளே போயிருக்கிறது.

ஒரு வெள்ளி மூன்று பல் மிச்சமிருந்தது.

"விழுங்கினனான் ஐயா. அம்மாளாணை" என்றாள் பூமணி.

"கிருமி ஆணையைக் கேக்காது, தங்கச்சி. இனி உம்மைச் சனற்றோரியத்துக்கு அனுப்பாமல் ஏலாது."

அந்தக் கசநோய் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்பி வருவதில்லை என்று அவள் நம்பினாள். அழவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் யன்னலால் கடலைப் பார்த்தேன். கடலில் எனக்கு உதவக்கூடியது ஒன்றும் இல்லை.

"நான்தான்" என்றேன். "திங்கட்கிழமை, மூண்டு பல்லுக் குறைஞ்சிருந்த தீர்த்தத்தை வெளியிலை ஊத்திப்போட்டு, கொதிச்சாறின தண்ணியைக் கழுத்துமட்டும் நிரப்பினனான். கிருமிக்குப் பயந்து."

அருளப்பர் போத்தலை மெல்லக் கீழே வைத்தார். "வாத்தியார், கொதிக்க வைச்சது நல்லது. களவாய் வைச்சதாலை இந்தப் பிள்ளையைப் பொய்க்காரியாக்கிப் போட்டீர்."

பல வாரங்களுக்குப் பிறகு பூமணி என்னைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை: "என்னட்டைக் கேட்டிருந்தால் நானே கொதிக்க வைச்சிருப்பன். அக்கினியும் சாமிதானே."

அதற்குப் பின் தீர்த்தம் எங்கள் குசினியில் கொதித்தது. ஒன்றரை வருடமும் முடிந்தது. படத்தில் நெஞ்சு தெளிந்திருந்தது. குளிசை, குடிநீர், அம்மன் என்ற மூவரில் யாருக்கு நன்றி சொல்வது என்று அருளப்பரிடம் கேட்டேன். அவர் அப்போது தீவின் புத்த விகாரைப் பிக்கு கொடுத்த எண்ணெயைத் தன் முழங்காலில் பூசிக்கொண்டிருந்தார். "மூண்டு பேரும் சண்டை பிடிக்கேல்லை. நீர் ஏன் மூட்டிவிடுறீர்?"

செய்தி வந்த அன்று பின்னேரம் பூமணி கோயிலுக்குப் போய்ப் போத்தலை நிரப்பி வந்தாள். கீற்று மஞ்சளாகிவிட்டது, ஏழு பல்லும் இருக்கின்றன. குளிசை நின்று இருபது வருடமாகியும் அவள் நாளுக்கு ஒரு பல்தான் குடிக்கிறாள். அன்று போத்தலை வாசலில் வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தவன் நான். தண்ணீருக்குள் கடலும் பனைகளும் தலைகீழாக நின்றன.

"கொதிக்க வைக்கட்டோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றாள்.

அருளப்பரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்வி மட்டுந்தான்.